சந்தத்தில் உட்கார்ந்த பேர்

அருள்சாமி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் எழுதிப் பாடிய பாட்டுகளைத் திரட்டிப் புத்தகமாகப் போட வேண்டும், முதலாண்டு நினைவு நாளில் திருத்துறைப்பூண்டியில் கூட்டம் கூட்டி அதை வெளியிட வேண்டும் என்று அவருடைய ரசிகர்கள் முடிவெடுத்தார்கள். முடிவெடுத்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட, வேலை மகள் சான்ட்ராவின் தலையில் விழுந்தது. அவள் மன்னார்குடியில் ஒரு பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. வயது முப்பத்தொன்பது. கணவன் சென்னையில் வேலை. அப்பா போன பிறகு அம்மா மரியபுஷ்பம் இவளோடுதான் இருந்தாள்.

ஆறு நோட்டுகள். நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள். ஆலங்கொல்லை என்ற சிறிய ஊரில் கூலிக்காரர் மகனாகப் பிறந்து, எட்டாம் வகுப்போடு நின்று, நடவு வயலிலும் மாதா கோயில் தேர்த் திருவிழாவிலும் பாடிப் பழகி, பிறகு தானே பாட்டுக் கட்டத் தொடங்கியவர் அருள்சாமி. தண்ணீர் வராத ஆறு, புயலில் சாய்ந்த தென்னை, பேரன் பேத்தியை நாக்கைத் துருத்திச் சிரிக்க வைக்கும் பாட்டு, கல்யாணக் கேலி என்று எதையும் விட்டு வைக்கவில்லை. ஒலிநாடாக் காலத்தில் திருவாரூருக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் ஓடிய பேருந்துகளில் அவர் குரல் ஏறாத பேருந்து இல்லை.

ஆனால் அருள்சாமி என்றால் எல்லாரும் முதலில் கேட்டது ஒரே பாட்டைத்தான். வாய்க்காலில் முழுகிச் செத்த சிறுமியைப் பற்றிய பாட்டு. சித்தி காத்தாயி தள்ளிவிட்டாள் என்று சொல்லும் பாட்டு.

காத்தாயி காத்தாயி கண்ணத் தொறந்து சொல்லடி
கைய நீட்டித் தூக்கினியா கால வாரி விட்டியா

தொண்ணூற்று நான்கில் வந்தது. முப்பது வருடம் கழித்தும் சாகவில்லை. அருள்சாமி இறந்த மறுமாதமே திருச்சிப் பையன்கள் சிலர் அதில் புதுத் தாளம் சேர்த்து வெளியிட்டார்கள். அதற்குக் கல்லூரிப் பெண்கள் வரிசையாக நின்று ஆடிக் காணொளி போட்டார்கள். புத்தகத்தில் அதுதான் முதல் பாட்டாக இருக்க வேண்டும் என்று விழாக் குழுவின் செயலாளர் தமிழ்மாறன் சொல்லியிருந்தார். அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அருள்சாமியை மேடை மேடையாகப் பின்தொடர்ந்தவர்.

காணும் பொங்கல் அன்று காலை பதினொரு மணி இருக்கும். சான்ட்ரா கூடத்தில் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தாள். வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டிய வயது. நன்றாகத் துவைத்து நீவிய பருத்திப் புடவை. கையில் ஒரு துணிப்பை.

"அருள்சாமி அய்யா வீடு இதுதானேங்க?"

"ஆமா. அப்பா தவறிட்டாங்க."

"தெரியும்மா. போஸ்டர்ல பார்த்தேன். நான் உங்களத்தான் பாக்க வந்தேன்."

உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்ததும் முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"எம்பேரு காத்தாயி."

சான்ட்ராவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஊருக்கு ஊர் வைக்கிற பேர்தானே. பிறகு அந்த அம்மாள் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த விதத்தில் புரிந்தது. அந்தப் பாட்டில் இருந்தவள் நிஜத்தில் எங்காவது உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாள் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை.

"அந்தப் பாட்டுல பாப்பா குரல் நீங்கதானே?" என்றாள் காத்தாயி.

சான்ட்ராதான். எட்டு வயது அவளுக்கு அப்போது. பாட்டின் நடுவில் செத்த குழந்தை பேசுவது போல நான்கு வரி வரும். 'சின்னம்மா சின்னம்மா தண்ணி மூக்குல ஏறுது' என்று தொடங்கும். அதை ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்திப் பாட வைத்தார்கள். முடிந்ததும் அப்பா ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

"ஆமா," என்றாள்.

"நெனச்சேன். பேசுறப்பவே தெரியுது."

அம்மா மரியபுஷ்பம் அடுக்களை வாசல்வரை வந்தவள் அந்த முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

காத்தாயி நடந்ததைச் சொன்னாள். பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துத் தேய்ந்த பேச்சாக இருந்தது அது. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு எட்டு மாதம். மூத்தாளின் பெண் பொன்மணிக்கு ஆறு வயது.

"குறுவைக்குத் தண்ணி விட்டிருந்தாங்க. வாய்க்கால் ரொம்பி ஓடுது. பனமரத்தப் போட்டு வச்சிருந்த பாலம். அது மேல அந்தப் புள்ள தெனமும் ஓடும், சொன்னாக் கேக்காது. நான் கரையில தொவச்சிட்டிருந்தேன். விழுந்த சத்தம் கேட்டுக் குதிச்சேன். எனக்கு நீச்சல் தெரியாதும்மா. மாடு ஓட்டிட்டு வந்தவரு ஒருத்தரு என் முடியப் புடிச்சு இழுத்துப் போட்டாரு. புள்ளய மறுநாளு மதகுலதான் எடுத்தாங்க. மொதல்ல, நீ மட்டும் எப்படிப் பொழச்சேன்னு கேட்டாங்க. அப்புறம் நான்தான் தள்ளிவிட்டேன்னு ஆயிடுச்சு."

மூத்தாளின் வீட்டார் புகார் கொடுத்தார்கள், போலீஸ் அவளைக் கைது செய்தது. செய்தித்தாளில் நாலு வரி வந்தது. ஒரு மாதத்துக்குள் பாட்டு வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரரு மொதல்ல எனக்காகத்தான் பேசினாரு. சிறைக்கு வந்து பாத்தாரு. பாட்டு வந்தப்புறம் அவருக்கும் அப்படி இருக்குமோன்னு தோண ஆரம்பிச்சிடுச்சு. காதுல விழுந்துக்கிட்டே இருக்குல்ல."

இரண்டு வருடம் கழித்து நீதிமன்றம் விடுவித்தது. மாட்டுக்காரர் சாட்சி சொன்னார். தீர்ப்பைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை. அவள் ஊருக்குப் போனாள், இருக்க முடியவில்லை. பேருந்தில் ஏறினால் பாட்டு. டீக்கடையில் பாட்டு. கோயில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்க அவள் பேர். இடம் மாற்றி இடம் மாற்றிக் கடைசியில் நாகூருக்குப் பக்கத்தில் தாய் தகப்பனில்லாத பிள்ளைகள் நாற்பது பேர் இருந்த ஒரு விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தாள். சேர்ந்து பத்தொன்பது வருடம். அங்கே அவள் பேர் ராணி.

"விடுதிய நடத்துற சஃபியாம்மாவுக்குக்கூட நான் யாருன்னு தெரியாது. இப்ப அந்தப் பாட்டு மறுபடி வந்திருக்குல்ல, புள்ளைங்க பாடுதுங்க. தட்டுல தாளம் போட்டுக்கிட்டு, சோறு போடுன்னு என் எதுக்க உக்காந்து பாடுதுங்க. அதுங்களுக்கு என்ன தெரியும். நான் போட்டுட்டு உள்ள போயிடுவேன்."

"நான் என்ன செய்யணும்க்கா?" என்று கேட்டாள் சான்ட்ரா.

"வேற ஒண்ணும் வேணாம். பேர மட்டும் மாத்திடுங்க. புஸ்தகம் போடுறீங்கன்னு போட்டிருந்துச்சு. கூட்டத்துலயும் பாடுவீங்க. வேற எதாச்சும் பேரு வச்சுக்குங்க. பாட்டு இருந்துட்டுப் போகட்டும்." துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அய்யாகிட்டயே வந்து கேட்டேன். விடுதலையான வருஷம். ஆலங்கொல்லையில உங்க பழைய வீட்டுக்கு வந்தேன். அம்மாதான் காப்பி குடுத்தாங்க."

மரியபுஷ்பம் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"'பேரு சந்தத்துல உக்காந்துடுச்சும்மா. எடுத்தாப் பாட்டு விழுந்துடும்'னாரு. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு."

காத்தாயி போகும்போது சான்ட்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மாற்றிவிடுகிறேன் என்று சொன்னாள். தெருமுனை வரைக்கும் கூடவே போனாள். திரும்பி வந்தபோது அம்மா நோட்டுகள் இருந்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான்காவது நோட்டை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து மகளிடம் நீட்டினாள்.

சான்ட்ரா அந்தப் பக்கத்தை முன்பே பார்த்திருந்தாள். ஏதோ ஊர்ப் பெண்களின் பேர்ப் பட்டியல் என்று புரட்டிவிட்டுப் போயிருந்தாள். அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பேச்சாயி. மூக்காயி. வேம்பாயி. மீனாச்சி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அசை பிரித்துக் கோடு போட்டிருந்தார். அவள் வாய்க்குள் பாடிப் பார்த்தாள். பேச்சாயி பேச்சாயி கண்ணத் தொறந்து சொல்லடி. மூக்காயி மூக்காயி. ஒரு மாத்திரைகூடக் கூடவில்லை, குறையவில்லை. நான்கு பேரும் கச்சிதமாக உட்கார்ந்தன.

"அந்தப் பொண்ணு போனதும் அன்னைக்கே உக்காந்து எழுதினாரு," என்றாள் மரியபுஷ்பம். "மாத்தியாச்சு, அடுத்த மேடையில பாடிடறேன்னாரு. பாடல."

"ஏம்மா?"

"ஜனம் காத்தாயின்னு கேட்டு வந்திருக்கு, வேற பேரச் சொன்னா ஒத்துக்காது, கேலி பண்ணும்னாரு. அடுத்த மேடை, அடுத்த மேடைன்னாரு. அப்புறம் நானும் கேக்கறத விட்டுட்டேன்." நோட்டைத் திரும்ப வாங்கி மூடினாள். "உங்கப்பா கெட்டவரு இல்ல சாண்டி. பயந்தவரு."

"அந்த ஊருக்காவது போய்ப் பாத்துட்டு எழுதினாராம்மா?"

"பேப்பரப் பாத்து எழுதினாரு. ஒரு மத்தியானத்துல."

அன்று முழுக்க சான்ட்ராவுக்கு வேறு வேலை ஓடவில்லை. அப்பா இறந்தபோது அழுததைவிட இப்போது அழவேண்டும் போல இருந்தது, அழுகை வரவில்லை. யாருக்காக அழுவது என்று தெரியாததுபோல இருந்தது.

அவள் அந்தப் பாட்டைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டாள். தமிழ்மாறன் போனில் பதறினார். "டீச்சர், அது இல்லாம அருள்சாமி புஸ்தகமா? ஜனங்க என்னைய அடிப்பாங்க." அவள் காரணத்தைச் சொன்னாள். "பாவந்தான்," என்றார் அவர். "ஆனா பாருங்க, பாட்டுன்னா பாட்டுதானே. யாரு அத நெசமுன்னு எடுத்துக்கறாங்க?" அவளும் விடவில்லை. பாட்டு இல்லாமலே புத்தகம் அச்சுக்குப் போயிற்று.

தம்பி சகாயராஜ்தான் கடினம். அப்பாவின் குழுவை இப்போது அவன்தான் நடத்திக்கொண்டிருந்தான். நாற்பது கிராமத்துத் திருவிழாக்கள் அவனை நம்பி இருந்தன, அவன் அந்தப் பாட்டை நம்பி இருந்தான்.

"பேர மாத்தி வேணா பாடுறேங்க்கா," என்றான் கடைசியில், பெரிய மனதாக. "பேச்சாயின்னு பாடுறேன். பாடவே கூடாதுன்னா மேடையவிட்டு எறங்க விடமாட்டாங்க. உனக்குத் தெரியாதது இல்ல."

சரி என்றாள். காத்தாயி கேட்டதும் அவ்வளவுதானே.

மாசி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு விழா. சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. சாலையில் வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து கல்யாண மண்டபத்துக்கு வந்துசேர்ந்தார்கள் ஜனங்கள். ஐந்நூறு பேர் கொள்ளும் மண்டபம் நிரம்பி வாசலிலும் நின்றார்கள். மேடையில் அருள்சாமியின் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாய் திறந்து பாடும் படம். சான்ட்ரா நன்றியுரை சொல்ல வேண்டும். அரைப்பக்கம் எழுதி மடித்து வைத்திருந்தாள். அதில் காத்தாயியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பேச்சுகள் முடிந்து சகாயராஜ் பாட எழுந்தான். பறை முதல் அடி போட்டதுமே மண்டபம் தெரிந்துகொண்டது. விசில் பறந்தது. அவன் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்கினான்.

பேச்சாயி பேச்சாயி கண்ணத் தொறந்து சொல்லடி

ஒரு நொடி எல்லாரும் திகைத்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து யாரோ உரக்கச் சொன்னார்கள், "காத்தாயிடா!" சிரிப்பு எழுந்தது. அடுத்த அடிக்கு அவன் மறுபடி பேச்சாயி என்று வாயெடுத்தபோது மண்டபமே கைதட்டிக்கொண்டு ஒரே குரலில் காத்தாயி காத்தாயி என்று பாடியது. பெண்கள் பாடினார்கள். மடியில் இருந்த குழந்தைகள் பாடின. சகாயராஜ் ஒலிவாங்கியை நீட்டிப் பிடித்துவிட்டு, வேறு வழியில்லை என்பதுபோலச் சிரித்தான். மூன்றாவது சரணத்தில் அவனே காத்தாயி என்றுதான் பாடினான்.

அப்பா எதற்குப் பயந்தாரோ அதை சான்ட்ரா நேரில் பார்த்தாள். அவளுக்குத் தலை கொதித்தது. பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் எழுந்து போய் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். மடித்து வைத்த தாளை எடுக்கவே இல்லை.

"இந்தப் பாட்டு பொய்," என்றாள்.

மண்டபம் அமைதியானது. அவள் சொன்னாள். குழந்தை தவறி விழுந்ததைச் சொன்னாள். நீச்சல் தெரியாமல் குதித்தவளைச் சொன்னாள். தீர்ப்பைச் சொன்னாள். அப்பாவின் நோட்டில் இருந்த நான்கு பேரையும் சொன்னாள். கேட்டுக்கொண்டார்கள், ஆனால் முகங்கள் மூடியே இருந்தன. செத்தவரைப் பற்றி, அதுவும் மகளே, இப்படிப் பேசுகிறாளே என்ற சங்கடம்தான் தெரிந்தது. இரண்டாவது வரிசையில் ஒருவர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார். தன் பேச்சு அவர்களைத் தொடவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போதுதான் அந்த வரி அவள் நாக்கில் வந்து நின்றது.

"எந்தக் கை ஒரு பிள்ளையத் தண்ணியில தள்ளுச்சுன்னு முப்பது வருஷமாப் பாடினோமோ, அந்தக் கை இன்னிக்கு நாகூர்ப் பக்கத்துல ஒரு விடுதியில, தாய் தகப்பன் இல்லாத நாப்பது பிள்ளைங்களுக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு இருக்கு."

மண்டபம் மூச்சை இழுத்தது அவளுக்கே கேட்டது. முன்வரிசையில் ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எங்கோ ஒரு கைதட்டல் தொடங்கி, மண்டபம் முழுக்கப் பரவி, ஓயாமல் நீண்டது. தமிழ்மாறன் எழுந்து நின்று தட்டினார். சான்ட்ராவின் உடம்பு முழுக்க ஒரு சூடு ஓடியது. பிற்பாடு எண்ணி எண்ணி வெட்கப்பட்டாள், ஆனால் அந்த நேரத்தில் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐந்நூறு பேரை ஒரு வரியால் திருப்பிவிட்ட சந்தோஷம்.

மரியபுஷ்பம் மட்டும் கைதட்டவில்லை. வண்டியில் ஏறும்போது கேட்டாள்.

"நாகூருன்னு ஏன் சொன்ன?"

"ஊரச் சொன்னேன், விடுதி பேரச் சொல்லலியேம்மா. ராணின்னும் சொல்லல."

அம்மா ஏறி உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேச்சை யாரோ படம்பிடித்து மறுநாளே போட்டிருந்தார்கள். இரண்டு நிமிடத் துண்டு. அவள் அந்த வரியைச் சொல்லும் இடத்தில் பின்னணியில் சோகமாகப் புல்லாங்குழல் சேர்த்து, கடைசியில் பழைய பாட்டையே ஓடவிட்டிருந்தார்கள். மூன்று நாளில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பள்ளியில் சக ஆசிரியைகள் வந்து கையைக் குலுக்கினார்கள். சிலர் காத்தாயிக்காக அழுது பதிவு போட்டார்கள். சிலர், கோர்ட்டு விட்டுவிட்டால் செய்யவில்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டார்கள். எல்லாரும் பாட்டைத் தேடிப் போய்க் கேட்டார்கள். முப்பது வருடத்தில் அந்தப் பாட்டு அந்த ஒரு வாரத்தில் ஓடிய அளவு ஓடியதில்லை.

நாகூர் சிறிய ஊர். அதைச் சுற்றி இருக்கும் அநாதை விடுதிகள் எத்தனை இருந்துவிடப் போகின்றன. ஐம்பது தாண்டிய சமையல்காரி, பத்தொன்பது வருடம் முன்னால் எங்கிருந்தோ வந்தவள். ஐந்தாம் நாள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி இரண்டு பேர் விடுதி வாசலில் வந்து நின்றார்கள். "உண்மையான காத்தாயியைக் கண்டுபிடித்தோம்" என்ற தலைப்போடு அவள் முகம் வந்தது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கும் முகம், கையில் கரண்டி. அவர்கள் "அக்கா, நீங்க தள்ளிவிட்டீங்களா இல்லியா, உங்க வாயால ஒரு தடவ சொல்லிடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவள் கதவைச் சாத்துகிறாள்.

சான்ட்ரா அதை மறுநாள்தான் பள்ளியில் இடைவேளையின்போது பார்த்தாள். அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அப்படியே பேருந்து ஏறினாள். திருவாரூரில் மாறி, நாகூர் போய்ச் சேரும்போது மணி இரண்டரை.

விடுதி நடத்தும் சஃபியா அறுபது வயதுக்காரி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சான்ட்ராவைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"நீங்கதானே அந்த டீச்சர்?"

"அவங்க இருக்காங்களா?"

"காலையில அனுப்பிட்டேன்." சஃபியாவின் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "எனக்கு அவ மேல ஒரு சந்தேகமும் இல்ல. பத்தொம்பது வருஷம் என் அடுப்படியில நின்னவ. ஆனா இந்தப் புள்ளைங்களுக்கு மாமன், சித்தப்பன்னு இருக்கானுங்க. ஒரு நாளு எட்டிப் பாக்காதவனுங்க. நேத்து பதினோரு பேரு வந்து நின்னுட்டானுங்க. புள்ளயக் கொன்னவ கையால எங்க புள்ள திங்கணுமான்னு. ரெண்டு பேரு புள்ளயக் கையோட கூட்டிட்டுப் போயிட்டானுங்க. அதுங்க போயி என்ன பண்ணும், ஓட்டல்ல தட்டுக் கழுவும். நான் யாரப் பாக்கறது, சொல்லுங்க. அவளே சொல்லிட்டா, 'நான் போறேம்மா, மத்ததுங்களாவது இருக்கட்டும்'னு."

"எங்க போனாங்க?"

"சொல்லல. தர்காவுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்னா."

சான்ட்ரா ஓட்டமும் நடையுமாகப் போனாள். தர்காவின் குளக்கரைப் பக்கத்தில், வெளியூர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு படுத்துக் கிடக்கும் இடத்தில் காத்தாயி உட்கார்ந்திருந்தாள். அதே துணிப்பை, பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. முந்தானையைத் தலையில் போட்டு நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். சான்ட்ரா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னால ஆனது," என்றாள்.

காத்தாயி அதை மறுக்கவில்லை.

"நான் பேர மாத்தச் சொல்லிக் கேட்டேன். நீங்க என் கதையச் சொல்லிட்டீங்க."

"உங்களுக்கு நியாயம் கெடைக்கட்டும்னுதான்..."

"நல்லாத்தான் பேசினீங்க. பாத்தேன். புள்ளைங்க போன்ல காட்டிச்சுங்க." குளத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "உங்கப்பாவும் நல்லாத்தான் பாடினாரு."

சான்ட்ராவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு குடும்பம் குழந்தைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. காத்தாயி ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பிவிட்டு முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்கு வந்திடுங்கக்கா. அம்மாவும் நானுந்தான். உங்களுக்குத் தனி அறை தர்றேன். யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

"வேணாம்மா."

"வேற எங்க போவீங்க?"

"எங்கயாச்சும். ஆக்கிப் போட ஆளு வேணும்னு எங்கயும் இருப்பாங்க." சற்று யோசித்தாள். "என் மூஞ்சி தெரியாத ஊரா இருக்கணும். இதுவரைக்கும் பேருதான் தெரியும். மூஞ்சி யாருக்கும் தெரியாது. இப்ப அதுவும் தெரிஞ்சிடுச்சு."

சான்ட்ரா அழுதாள். காத்தாயி அவளைத் தேற்றவில்லை, எழுந்து போகவும் இல்லை. அழுது முடியட்டும் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பேருந்து நிலையம் வரைக்கும் இருவரும் நடந்தார்கள். பெட்டியைத் தூக்க சான்ட்ரா கை நீட்டியபோது வேண்டாம் என்று மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

நிலையத்தின் வாசலில் நின்றாள்.

"நீங்க மொதல்ல ஏறிப் போயிடுங்க டீச்சர்."

"நீங்க ஏறுனதும் போறேன்."

"இல்ல. நான் எந்த பஸ்ல ஏறுறேன்னு நீங்க பாக்க வேணாம்." கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது தெரிந்தது.

திருவாரூர்ப் பேருந்து நின்றிருந்தது. சான்ட்ரா ஏறி, காத்தாயி நின்ற பக்கத்து ஜன்னலை விட்டுவிட்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். வண்டி நகரும்வரை முன்னிருக்கையின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தாள். காணொளிகளை நீக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எழுதினாள். விடுதி வாசலில் எடுத்ததை ஒருவன் நீக்கினான். அதற்குள் அதை நூறு பேர் எடுத்துப் போட்டிருந்தார்கள். சகாயராஜ் பாட்டை நிறுத்தவில்லை. ஆலங்கொல்லைத் தேர்த் திருவிழாவில் அவன் பாடியபோது, பாட்டுக்கு முன்னால் அக்கா பேசிய அந்த வரியையும் கனத்த குரலில் சொல்லிவிட்டுத் தொடங்கினான் என்று கேள்விப்பட்டாள். கூட்டம் உருகிவிட்டதாம். அதிலிருந்து அவனோடு அவள் பேசவில்லை.

புத்தகம் விற்றுத் தீர்ந்து இரண்டாம் பதிப்புக்கு வந்தது. தமிழ்மாறன் வீடு தேடி வந்தார். அந்தப் பாட்டைச் சேர்க்க வேண்டும், அவள் பேச்சையும் முன்னுரையாகப் போட வேண்டும் என்றார். "ரெண்டு பக்கமும் வந்துடும்ல டீச்சர். சரித்திரம் ஆச்சே." அவள் நோட்டுகளைத் தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஒலிநாடாவைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பேச்சும் வலைத்தளத்தில் இருந்தது. ஆடி மாதம் புத்தகம் வந்துவிட்டது. மரியபுஷ்பம் அதை வாங்கி, பிரிக்காமலே பரணில் போட்டாள்.

சஃபியாவிடமிருந்து மாதம் ஒருமுறை போன் வரும். சில சமயம் சான்ட்ராவே போடுவாள்.

"எதாச்சும் தெரிஞ்சுதாங்க?"

"இல்ல டீச்சர். உங்களுக்கு?"

"இல்ல."

பிறகு சஃபியா, புதிதாக வந்த சமையல்காரிக்குக் குழம்பில் உப்பு நிதானப்படவில்லை, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள் என்பாள். சான்ட்ரா கேட்டுக்கொள்வாள். அடுத்த மாதம் பேசலாம் என்று இருவரும் போனை வைப்பார்கள்.